எப்போதும் வென்றது யார்?



இந்த இதழ் தாமதமாக வருகிறது. காகித விலை காரணமில்லை, அச்சக பாக்கியும் காரணமில்லை. ஆகஸ்ட் மாதம் முழுக்க நான் நாடகம் எழுதிக்கொண்டிருந்தேன். நாளுக்கு ஒன்று. 31 நாளைக்கு 31 நாடகம் என்று பந்தயம். பந்தயம் கட்டியது எப்போதும்வென்றானிலும் சுற்றுப்பட்டியிலும் இருக்கிற காலேஜ் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர்.

போன இதழைக் கொடுக்கப் போன இடத்தில் ஒரு தங்கச்சி கேட்டது: "அண்ணே, நீங்க மூணு மாசத்துக்கு ஒருக்கா தலையங்கம் எழுதுதீக. சாதிக்காரன் மூணு மாசத்துக்கு ஒருக்காவா நம்மள ஏசுதான்?"

என்னிடம் பதில் இல்லை. சாதி லீவு எடுப்பதில்லை. டீக்கடையில், பஸ்ஸில், வகுப்பறையில், சுடுகாட்டுப் பாதையில் அது தினமும் நடத்திக் காட்டப்படுகிறது. அவர்களுக்கு ஒத்திகைகூடத் தேவையில்லை. நாம் மட்டும் கருத்தரங்குக்குக் கருத்தரங்கு பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அதே தங்கச்சிதான் சூசன்-லோரி பார்க்ஸ் பற்றியும் எடுத்துச் சொன்னது. அமெரிக்கக் கறுப்பினப் பெண். நாடகத்துக்கான புலிட்சர் பரிசை வாங்கிய முதல் கறுப்பினப் பெண் அவர்தான். பரிசு வந்தது 2002இல். அதே ஆண்டு நவம்பரில் தொடங்கி ஒரு வருசம் முழுக்க, நாளுக்கொரு நாடகம் எழுதினார். சிலது ஒரு பக்கம்தான். 2006 நவம்பரிலிருந்து ஓராண்டு, அமெரிக்கா முழுக்க நூற்றுக்கணக்கான குழுக்கள் அவற்றைப் பங்குபோட்டு நடித்தார்கள். பெரிய அரங்கம் உள்ளவர்களும் நடித்தார்கள், அரங்கமே இல்லாதவர்களும் நடித்தார்கள். 2020இல் கொரோனா வந்து கதவடைத்தபோதும் அவர் மறுபடி தினமும் எழுதினார். ஆகஸ்ட் மாதத்தில் 31 நாளில் 31 நாடகம் என்கிற சவாலும் அந்த நாட்டில்தான் கிளம்பியது.

வெளிநாட்டுச் சரக்கு என்று யாரும் மூக்கைச் சுளிக்க வேண்டாம். தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் ஒரே ராத்திரியில் ஒரு முழு நாடகத்தை, பாட்டும் வசனமுமாக எழுதி முடித்ததை டி.கே. சண்முகம் பதிவு செய்திருக்கிறார். கரிசல் மண்ணுக்கு இது புதுசில்லை.

ஆனால் சுவாமிகளுக்கு விடிய விடிய உட்கார்ந்து எழுத ஒரு நாடகக் கம்பெனி இருந்தது. நம்மிடம் என்ன இருக்கிறது? இந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் இருட்டோடு எழுந்து சோறு பொங்கி வைத்துவிட்டுத் தீப்பெட்டி ஆபீஸ் வேனுக்கு ஓடுகிறவர்கள். அப்பாக்கள் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்கள். ஆகஸ்டில் காட்டில் விதைப்பு கிடையாது, புரட்டாசி மழைக்காக உழுதுபோட்ட நிலம் காற்றில் புழுதி பறக்கக் கிடக்கும். கையில் காசும் இருக்காது.

எனவே சட்டத்தைச் சுருக்கினோம். ஒரு பக்கம். இரண்டு மூன்று ஆட்கள். ஐந்து நிமிசம். எழுதியது அன்று ராத்திரியே தெருவிளக்குக்குக் கீழே படிக்கப்பட வேண்டும், முடிந்தால் நடிக்கப்பட வேண்டும். நான் எழுதாத நாளில் வேறு யாராவது எழுத வேண்டும்.

முதல் வாரம் எழுதியது பூராவும் குப்பை. இதை மறைப்பதில் பிரயோசனம் இல்லை. என் பாத்திரங்கள் எல்லாம் துண்டறிக்கை வாசித்தன. ஆறாம் நாள், முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி எழுந்துவிட்டார்கள். "எய்யா, ஒன் நாடகத்துல எல்லாரும் மைக்கு முன்னால நிக்குத மாதிரியே பேசுதாக. அடி வாங்குனவன் அப்பிடியா பேசுவான்? மொதல்ல ‘அம்மா’ங்க மாட்டானா?"

இருபது வருச மேடைப் பேச்சை அந்த அம்மா இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள். மறுநாள் எழுதியதில் பேச்சே குறைவு. கரிமூட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றிக் காவல் இருக்கிற ஒருவன் தூங்கிவிடாமல் இருக்கத் தன் மகனுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறான், அவ்வளவுதான். ஜனங்கள் நகராமல் உட்கார்ந்து பார்த்தார்கள்.

அடுத்த அடி பெண்களிடமிருந்து. "நாடகத்துல பொம்பளை வந்தா ஒண்ணு அழுதா, இல்ல சாவுதா. நாங்க சிரிக்கவே மாட்டமா?" கே.ஏ. குணசேகரனின் ‘பலி ஆடுகள்’ 1990களின் தொடக்கத்திலேயே, ஒடுக்கப்பட்டவனுக்குள்ளும் ஒடுக்கப்பட்டவளாகப் பெண் நிற்பதைத் தமிழ் தலித் அரங்கில் வைத்தது. அதைப் படித்திருக்கிறேன், கூட்டங்களில் பேசியும் இருக்கிறேன். பேனாவை எடுத்தால் மட்டும் பழைய கம்பெனி நாடகத்துக் கதாநாயகி வந்து உட்கார்ந்துகொள்கிறாள். பன்னிரண்டாம் நாள் தீப்பெட்டி ஆபீஸ் வேன் நாடகத்தைப் பெண்களே சொல்லச் சொல்ல எழுதினேன். மேஸ்திரி மாதிரி நடித்துக் காட்டியபோது தெருவே சிரித்தது. அந்தச் சிரிப்பில் இருந்த கலகம் என் துண்டறிக்கைகளில் இருந்ததில்லை.

இப்போது எழுதக் கூசுகிற விசயத்துக்கு வருகிறேன்.

இருபத்திரண்டாம் நாள் ஒரு தம்பி நாடகம் கொண்டுவந்தான். பெயர் ‘பார்சல்’. நம் தெருவில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையோடு படித்த அருந்ததியர் வீட்டுப் பையன் குடும்பத்தோடு வருகிறான். யாரும் விரட்டவில்லை. கையைப் பிடித்து வரவேற்கிறார்கள். பந்தியில் உட்காரப் போகிற நேரத்தில், "கூட்டமா இருக்கு, வீட்டுல போயி நிதானமா சாப்பிடுங்க" என்று பார்சலைக் கட்டிக் கொடுக்கிறார்கள். அவ்வளவுதான் நாடகம். நிஜமாக நடந்தது. எந்த ஊர் என்று எழுத மாட்டேன். எழுதினால் மற்ற ஊர்க்காரர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

பெரியவர்கள் என்னைத் தனியாக அழைத்தார்கள். "நமக்குள்ள இருக்கதைத் தெருவுல போட்டு ஒடைச்சா மத்தவன் சிரிக்க மாட்டானா? இதுக்கா ஒன்னைக் கூப்பிட்டோம்?" நான் தம்பியிடம் போய்ச் சொன்னேன்: "ரெண்டு நாள் பொறு. இன்னைக்கு வேற ஒண்ணு படிப்போம்." அவன் "சரிண்ணே" என்றான். அன்று ராத்திரி எதுவும் படிக்கப்படவில்லை.

தூக்கம் வரவில்லை. ‘பொறு’. எத்தனை தலைமுறையாக நமக்குச் சொல்லப்பட்ட வார்த்தை அது! கோயில் நுழைவு கேட்டபோது பொறு. கூலி கேட்டபோது பொறு. அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2009இல் சட்டமாகும் வரை நம்மில் எத்தனை பேர் அவர்களைப் பார்த்துச் சொன்னோம், பொறு. நடு ராத்திரிக்கு மேல் எழுந்து ஒரு பக்கம் எழுதினேன். சிறுபத்திரிகை ஆசிரியன் ஒருவன், ஒரு பையனின் நாடகத்தைத் தணிக்கை செய்கிறான். பாத்திரத்துக்குப் பெயர் வைக்கவில்லை. தேவைப்படவில்லை.

மறுநாள் ராத்திரி இரண்டையும் சேர்த்துப் படித்தோம். சிலர் எழுந்து போனார்கள். போனவர்களில் இரண்டு பேர் அப்புறம் வரவே இல்லை. எல்லாம் முடிந்தபின் ஒரு மதினி மட்டும் அங்கேயே நின்றார்கள். "அந்தப் பார்சலைக் கட்டுனது நான்தான்" என்றார்கள். வேறெதுவும் பேசவில்லை.

தினமும் எழுதினால் தரம் போய்விடும் என்று நண்பர்கள் கடிதம் எழுதியிருக்கிறார்கள். போகத்தான் செய்தது. ஆனால் மூன்று மாதம் அவகாசம் இருந்திருந்தால் நான் இந்த நாடகத்தை எழுதியிருக்கவே மாட்டேன். நல்லதாக ஒரு காரணம் கண்டுபிடித்திருப்பேன். ராத்திரிக்குள் ஒரு பக்கம் வேண்டும் என்கிற நெருக்கடிதான் ஒளித்துவைத்ததை வெளியே இழுத்தது.

கடைசி நாள் ஆகஸ்ட் 31. இதே ஓட்டப்பிடாரம் வட்டாரத்தில், 1995 ஆகஸ்ட் 31இல்தான் கொடியன்குளத்துக்குள் நூற்றுக்கணக்கான போலீஸ் புகுந்தது. வீட்டுச் சாமான்கள் நொறுக்கப்பட்டன. குடிதண்ணீர்க் கிணறு பாழாக்கப்பட்டது. பிள்ளைகள் படித்து வாங்கிய சான்றிதழ்கள் எரிந்தன. படித்து, வெளிநாடு போய்ச் சம்பாதித்துத் தலை நிமிர்ந்த ஒரு ஊரைத் தேடிப்போய் அடித்தார்கள்.

அன்றைக்கு என்னால் ஒரு வரி எழுத முடியவில்லை. பிள்ளைகளே செய்தார்கள். ஆளுக்கொரு பொருளாகக் கொண்டுவந்து தெருவிளக்குக்குக் கீழே வைத்தார்கள். மிக்சி, தையல் மிசின், மின்விசிறி, குடம், தானியம் நிறைந்த படி. வசனமே இல்லை. கடைசியாக அந்தத் தங்கச்சி தன் பிளஸ் டூ சான்றிதழை பிளாஸ்டிக் கவரோடு கொண்டுவந்து வைத்தது. கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு குனிந்து அதை மட்டும் எடுத்து மார்போடு வைத்துக்கொண்டது. "இது ஒரிஜினல்ணே. காலேஜ்ல கேட்டிருக்காக" என்றது. யாரும் சிரிக்கவில்லை.

31க்கு 27தான் தேறியது. பந்தயத்தில் தோற்றேன். வென்றவர்கள் அந்தப் பிள்ளைகள். 27இல் ஆறை இந்த இதழில் அச்சிட்டிருக்கிறோம். ‘பார்சல்’ முதலில் இருக்கிறது.

இனி உங்கள் முறை. விடுதிகளில் இருக்கிற மாணவர்கள், ஊர்களில் வேலை செய்கிற தோழர்கள், ஒரு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம், இரண்டு ஆட்கள், ஐந்து நிமிசம். எழுதத் தெரியாதவர் சொல்லட்டும், தெரிந்தவர் எழுதட்டும். அன்றன்றைக்கே படித்துவிடுங்கள். மேலத்தெருவைப் பற்றி எழுதுகிற கையோடு நம் தெருவைப் பற்றியும் ஒன்று எழுதுங்கள். யாராவது ‘பொறு’ என்று சொன்னால், அதைத்தான் அன்றைக்கு முதலில் படிக்க வேண்டும்.