சேஸுக்குப் பவுடர் வேண்டாம்

பழைய ஜீப்பையோ ஸ்டாண்டர்டு ஹெரால்டையோ பிரித்துப்போட்டுப் புதுப்பிக்கும் ஆசை நம் வயதுக்காரர்களிடம் பெருகியிருக்கிறது. நல்ல விஷயம். ஓய்வுக்குப் பிறகு கைக்கு ஒரு வேலை வேண்டும்தானே! ஆனால் சேஸைக் கழற்றிய மறுநாளே டெம்போவில் ஏற்றிக்கொண்டு ஒரகடம் பக்கம் பவுடர் கோட்டிங் பட்டறைக்கு ஓடுகிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பல வருடம் பெயின்ட் ஷாப்பில் நின்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: வண்டியின் சேஸுக்குப் பவுடர் வேண்டாம். பெயின்ட் அடியுங்கள்.

அம்பாசடர், பியட் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சண்டையே இல்லை. அவற்றுக்குத் தனி சேஸ் கிடையாது, பாடியே சேஸ். 1961 முதல் நம் சென்னையிலேயே தயாரான ஹெரால்டுக்கும், மஹிந்திரா ஜீப்புக்கும் தனி சேஸ் உண்டு. பேச்சு அவற்றைப் பற்றித்தான்.

பட்டறையில் எடுத்த எடுப்பில் சொல்வது, “பெரிய கம்பெனியிலேயே இதுதான் சார்!” இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் சான்ட்ரோ வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் வந்தது. இந்தச் சாலை முழுக்கக் கார் வாசனை. ஆனால் கார் தொழிற்சாலையில் பாடியைத் துருவிலிருந்து காப்பது பவுடர் அல்ல, சி.இ.டி. என்று நாங்கள் சொல்லும் முக்குப்பூச்சு. பாடியை அப்படியே தொட்டியில் முக்கி மின்சாரம் கொடுப்பார்கள். பூச்சு படிந்த இடத்தில் மின்தடை ஏறும். உடனே மின்சாரம் பூச்சு படியாத உள்மூலையைத் தேடிப் போகும். சுமார் 20 மைக்ரான்தான் கனம். ஆனால் கை நுழையாத சந்திலும் இருக்கும். பவுடர் பல உதிரி பாகங்களுக்கு உண்டு, மறுக்கவில்லை. அதைக் காட்டி உங்கள் சேஸுக்கும் அதுவே என்பது, வாசல் கேட்டைக் காட்டி வீட்டை விற்பது போல.

பவுடர் வேலை செய்யும் விதமே வேறு. துப்பாக்கியிலிருந்து மின்னேற்றத்தோடு வரும் தூள், எர்த் செய்த இரும்பில் ஒட்டுகிறது. 180 முதல் 200 டிகிரி வரை அடுப்பில் உருகிப் படலமாகிறது. வெளிப்புறம் 60, 80 மைக்ரான் அழகாக ஏறும். உள்மூலைக்கு மட்டும் போகாது. ஃபாரடே கூண்டு என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். பெட்டி போல் மூடிய குழலுக்குள்ளோ ஒரு துளிகூடப் போகாது. சேஸ் துருப்பிடிப்பதோ பெரும்பாலும் உள்ளிருந்துதான்!

அடுத்தது கல்லடி. லாரிகள் ஓடும் நம் சர்வீஸ் ரோட்டில் ஜல்லி தெறிக்காத நாள் உண்டா? பவுடர் படலம் ஒரு இடத்தில் விண்டால் தண்ணீர் அதன் அடியில் ஊர்ந்து போகும். மேலே பளபளப்பு அப்படியே இருக்கும். அடியில் இரும்பு கரைந்துகொண்டிருக்கும். கரையான் அரித்த கதவுக்கு வார்னிஷ் அடித்த கதைதான். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு, தண்ணீர் எங்கெல்லாம் நுழையும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பெயின்ட் விண்டால் துரு கண்ணுக்குத் தெரியும். தேய்த்து, தொட்டுவிட்டால் தீர்ந்தது. பவுடரில் அந்தத் தொட்டுவிடும் வேலை சரியாக வராது. பிற்பாடு வெல்டிங் வைக்க வேண்டுமென்றாலும் அந்த இடத்தைச் சுரண்டி எடுத்துத்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று, சேஸ் நம்பர். பதினைந்து வருடம் தாண்டிய கார், ஜீப்புக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீசில் பென்சில் பிரிண்ட் கேட்பார்கள். கனத்த பவுடர் அந்தப் பள்ளத்தை மூடிவிட்டால், “நம்பர் எங்கே?” என்ற கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பவுடருக்கு நியாயமான பெருமை ஒன்று உண்டு. தின்னர் இல்லை, அடிக்கிறவன் நுரையீரல் பிழைக்கும். டூ-பேக் பி.யு. பெயின்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. கைக்குட்டை கட்டிக்கொண்டு ஸ்பிரே அடிக்கும் பையன்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அதற்கும் வழி இருக்கிறது. சேஸுக்குக் கண்ணாடி போன்ற ஃபினிஷ் எதற்கு? டூ-பேக் எபாக்ஸியைப் பிரஷ்ஷாலேயே அடிக்கலாம். எபாக்ஸி வெயிலில் வெளுக்கும் என்பார்கள். வண்டிக்கு அடியில் ஏது வெயில்?

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பிளாஸ்டிங் செய்து இரும்பை வெள்ளையாக எடுங்கள். நம்பர் இருக்கும் இடத்தை முன்பே டேப் போட்டு மூடுங்கள். பிளாஸ்டிங் முடிந்த அன்றே, நம் ஊர் ஈரக்காற்று படுவதற்குள், முதல் கோட் எபாக்ஸி. கையுறை கட்டாயம், காற்றோட்டமும் வேண்டும். இரண்டாம் கோட், டப்பாவில் போட்ட நேரம் பார்த்து. நன்றாகக் காய்ந்த பிறகு மூடிய குழல்களுக்குள் ஓட்டை வழியே கேவிட்டி வாக்ஸ். வடிகால் ஓட்டைகளை அடைக்காதீர்கள்.

ஜன்னல் கிரில், மொட்டைமாடிக் கதவு, வீல் ரிம் எல்லாம் தாராளமாகப் பவுடருக்கு அனுப்புங்கள். அவை விண்டுபோனால் அழகுதான் கெடும். சேஸ் அப்படியல்ல. அதன்மேல்தான் பேரப்பிள்ளைகள் உட்கார்ந்து வருகிறார்கள். ‘லைஃப் கேரண்டி’ என்று யாராவது சொன்னால், குழலுக்கு உள்ளே எத்தனை மைக்ரான் ஏறியிருக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.