காலியா கப்பலும் கருப்பு நட்சத்திரமும்



செப்டம்பர் 5 என்றாலே நம் பள்ளியில் ஆசிரியர் தினம்தான். பேனா, ரோஜாப்பூ, சார்மாரைப் போல மிமிக்ரி. அதே தேதியில் 1872-ல் ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்தார் என்பது காலைப் பிரார்த்தனையில் இரண்டு நிமிஷம் சொல்லப்படும். கப்பலோட்டிய தமிழன், செக்கிழுத்த செம்மல், கைத்தட்டு, கலைந்து செல். இந்த வருஷம் பேச்சுப் போட்டியில் நானும் அதையேதான் பேசினேன். இரண்டாம் பரிசு கிடைத்தது. (முதல் பரிசு யாருக்கு, எப்படி என்பது வேறு கதை. அதை இங்கே எழுதினால் தமிழ் ஐயா கிழித்துவிடுவார்.)

அன்று சாயங்காலம் நாங்கள் நாலு பேர் மக்ரூன் வாங்கப் போனோம். கடையில் ஆப்பிரிக்க மாலுமி ஒருத்தர் நின்றிருந்தார். ஹார்பரில் கப்பலை விட்டு ஊர் பார்க்க வந்திருப்பார் போல. எங்களில் ஒருத்தன் அவர் நிறத்தைச் சொல்லி ஒரு வார்த்தை விட்டான். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். தமிழ் தெரியாவிட்டாலும் சிரிப்பு எதற்கு என்று மனுஷனுக்குத் தெரியாதா என்ன? அவர் முகம் சுருங்கிப் போய்விட்டது. கடை அண்ணாச்சிதான், "ஏலே, சும்மா கெடங்கலே. அவரும் கப்பல்காரர்தாம்லே" என்று சத்தம் போட்டார்.

கப்பல்காரர்! காலையில் மேடையில் அந்தக் கப்பலைப் பற்றித்தானே ஐந்து நிமிஷம் முழங்கினேன்? அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அதன் பிறகு நூலகத்திலும் கம்ப்யூட்டர் லேபிலும் தேடித் தேடிப் படித்ததைத்தான் எழுதுகிறேன். எல்லாம் என் சொந்தக் கருத்து. திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள்.

வ.உ.சி. கப்பல் கதையில் நாம் அதிகம் சொல்வது குடைக் கதை. வெள்ளைக்காரக் கம்பெனி டிக்கெட் விலையைக் குறைத்தது, கடைசியில் சும்மாவே ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தது என்று. நல்ல கதைதான். ஆனால் அதைவிட முக்கியம் அந்தக் கம்பெனி எப்படிக் கட்டப்பட்டது என்பது. 1906 அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவானது. மூலதனம் பத்து லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். இந்தியர்கள், இலங்கையர்கள், மற்ற ஆசிய மக்கள் வாங்கலாம், ஐரோப்பியர்களுக்குக் கிடையாது. முதலில் வாடகைக் கப்பல் ஓட்டினார்கள். பிரிட்டிஷ் கம்பெனி, கப்பல் கொடுத்தவர்களை நெருக்கி அதை நிறுத்தியது. அதன் பிறகுதான் சொந்தக் கப்பல் என்ற பிடிவாதம். 1907-ல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் நம் கடலுக்கு வந்தன. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு நம்ம கப்பல்!

1908 மார்ச் 12-ல் வ.உ.சி. கைதானார். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை. பிறகு அப்பீலில் குறைந்து 1912 டிசம்பரில் வெளியே வந்தார். அதற்குள் கம்பெனி இல்லை. 1911-லேயே கலைத்துவிட்டார்கள். காலியா கப்பல் போட்டிக் கம்பெனிக்கே போய்விட்டது என்று படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. வெள்ளைக்காரன் நசுக்கினான் என்பது உண்மை. ஆனால் அது மட்டுமா? கம்பெனிக்குள்ளேயே, அரசியல் வேண்டாம், யாவாரம் மட்டும் பார்ப்போம் என்று சொன்ன நம்மாட்கள் இருந்தார்கள். அவர் ஜெயிலில் இருந்த அந்த நாலரை வருஷம் கம்பெனியைக் காப்பாற்ற நம் ஊரால் முடியவில்லை. இதை எந்தப் பேச்சுப் போட்டியிலும் நான் கேட்டதில்லை. என் பேச்சிலும் இல்லை.

இப்போது ஆப்பிரிக்கா. வ.உ.சி. கம்பெனி கலைந்து எட்டு வருஷம் கழித்து, 1919-ல், ஜமைக்காவில் பிறந்த மார்க்கஸ் கார்வி என்பவர் அமெரிக்காவில் ஒரு கப்பல் கம்பெனி தொடங்கினார். பெயர் பிளாக் ஸ்டார் லைன். அதாவது கருப்பு நட்சத்திரம். ஒரு பங்கு ஐந்து டாலர். கறுப்பின மக்கள் மட்டுமே வாங்கலாம். துணி வெளுத்தவர்களும் வீட்டு வேலை செய்தவர்களும் சேர்த்து வைத்த காசைப் போட்டு அதை வாங்கினார்கள். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? நம்ம 25 ரூபாய்ப் பங்குதான் அது! முடிவும் அதே மாதிரிதான். பழைய ஓட்டைக் கப்பலை ஏமாற்றி விற்றார்கள், நிர்வாகமும் சரியில்லை, 1922-ல் கம்பெனி நின்றது. கார்வி மேல் மோசடி வழக்கு, சிறை, 1927-ல் நாடு கடத்தல். அவருக்கு அமெரிக்க ஜனாதிபதி மன்னிப்பு வழங்கியது 2025 ஜனவரியில். செத்து 84 வருஷம் கழித்து!

ஆனால் அந்தப் பெயர் சாகவில்லை. 1957 மார்ச் 6-ல் கானா விடுதலை பெற்றது. அதுவரை வெள்ளைக்காரன் வைத்த பெயர் தங்கக் கரை. அங்கே அவனுக்குத் தேவைப்பட்டது தங்கம், அதனால் அப்படி ஒரு பெயர். (நம்ம கரைக்கு முத்துக்குளித்துறை என்று பேர் இருப்பது ஞாபகம் வருகிறதா?) குவாமே என்க்ருமா கார்வியின் எழுத்தைப் படித்து வளர்ந்தவர். நாட்டின் கொடி நடுவில் கருப்பு நட்சத்திரத்தை வைத்தார்கள். அதே வருஷம் அரசு தொடங்கிய கப்பல் கம்பெனிக்குப் பெயர் பிளாக் ஸ்டார் லைன். கானா கால்பந்து அணியையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். 2010 உலகக் கோப்பையில் உருகுவேக்காரர் சுவாரஸ் கையால் தடுத்தாரே, அந்த அணிதான். நம் வகுப்பில் பாதிப் பேருக்கு யூடியூப் புண்ணியத்தில் கை தெரியும், நட்சத்திரம் தெரியாது.

கொடி ஏறிய பிறகு என்ன ஆச்சு என்பதுதான் விஷயமே. 1965-ல் என்க்ருமா ஒரு புத்தகம் எழுதினார். கொடியும் பாட்டும் நம்முடையதாக இருந்தாலும், விலையை வேறொருத்தன் முடிவு செய்தால் அது புதுவிதக் காலனி ஆட்சிதான் என்பது அதன் சாரம். அடுத்த வருஷம் பிப்ரவரியில் ராணுவம் அவரைக் கவிழ்த்தது. அவர் பக்கமும் தப்பு உண்டு, அதை மறைக்கக் கூடாது. எதிர்த்தவர்களை விசாரணை இல்லாமல் சிறையில் போட்டார், ஒரே கட்சி ஆட்சி என்றார். ரவுலட் சட்டத்தைப் பற்றி ஐந்து மார்க் கேள்விக்குப் பதில் எழுதுகிற நாம் அதற்குச் சப்பைக்கட்டு கட்ட முடியாது. ஆனால் அவர் சொன்ன விலை விஷயம் பொய்யில்லை. உலகத்தின் கோகோவில் பாதிக்கு மேல் கானாவிலும் ஐவரி கோஸ்டிலும் விளைகிறது. சாக்லேட் எந்த ஊர்ப் பெயரில் வருகிறது? ஆசிரியர் தினத்துக்கு நாம் கொடுத்த சாக்லேட் உறையைத் திருப்பிப் பாருங்கள்.

நம்ம முத்தும் அப்படித்தான். வெள்ளைக்கார அரசு சலாபம் நடத்தியபோது மூச்சடக்கிக் குளித்தவருக்குச் சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு. மீதி அரசுக்கு, ஏலத்துக்கு. 1947-க்கு அப்புறம் மதராஸ் அரசு 1955 முதல் 1961 வரை சலாபம் நடத்தியது. அதோடு சரி. கொடி மாறியது. எந்தப் பாரில், எத்தனை நாள் என்று முடிவு செய்தது அப்போதும் ஆபீஸ்தான், கடலில் இறங்கியவர்கள் இல்லை.

இனி சொல்லப் போவது என் வீட்டு விஷயம். என் அத்தை முந்திரி கம்பெனியில் கொட்டை உடைக்கிறாள். பத்து வருஷமாக அந்த எண்ணெய் பட்டுப் பட்டு விரல் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். அந்தக் கொட்டையில் பெரும்பங்கு ஆப்பிரிக்காவிலிருந்து நம் துறைமுகத்துக்கு வருவது. ஐவரி கோஸ்ட், பெனின், கினியா பிசாவ், தான்சானியா. உலகத்திலேயே அதிகம் விளைவது ஐவரி கோஸ்டில். ஆனால் அங்கே உடைப்பது கொஞ்சம்தான். ஓட்டோடு மூட்டை மூட்டையாக இங்கேயும் வியட்நாமுக்கும் வந்துவிடுகிறது. உடைத்த பருப்புக்குத்தான் விலை. இதில் பெனின் அரசு, 2024 ஏப்ரல் முதல் கொட்டையாக ஏற்றுமதி செய்யக் கூடாது, எங்கள் ஊரிலேயே உடைக்க வேண்டும் என்று அறிவித்தது.

இதை அத்தையிடம் சொன்னேன். "அவுக ஊர்லயே ஒடச்சா நாங்க எங்கலே போவோம்?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. இப்பவும் முழுப் பதில் கிடையாது. ஆனால் பெனின் செய்தது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. வ.உ.சி. செய்ததும் அதுதானே? எங்க சரக்கு, எங்க கப்பல், எங்க விலை என்றார். அதை மேடையில் கைத்தட்டிவிட்டு, ஆப்பிரிக்காக்காரன் சொன்னால் மட்டும் வயிறு எரிந்தால் நாம் எந்தக் கம்பெனிப் பக்கம் நிற்கிறோம்? காலியா பக்கமா, குடை கொடுத்த கம்பெனி பக்கமா?

அத்தைக்கு வேலை போகக் கூடாது. அதற்கு இங்கே வேறு வழி கேட்க வேண்டும், கூலியைக் கேட்க வேண்டும், இங்கே விளைச்சலைக் கூட்டச் சொல்ல வேண்டும். பெனின் ஊர் அத்தை ஒருத்தி வேலை இல்லாமல் இருந்தால்தான் எங்க அத்தைக்கு வேலை என்பது என்ன நியாயம்? எகனாமிக்ஸ் சார் இதை ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன். அவர் எழுதினால் படிக்க ஆசை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வ.உ.சி. ஜெயிலிலிருந்து வந்து வறுமையில் இருந்தபோது அவருக்காகக் காசு திரட்டியவர்களில் தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் உண்டு. 1860-லிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர்களும் அவர்கள் பிள்ளைகளும் நிறைந்த ஊர் அது. அந்தப் பணம் காந்தியிடம் இருக்கிறது என்று வ.உ.சி. 1915-ல் அவருக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதி, கடைசியில் 347 ரூபாய்ச் சொச்சம் கைக்கு வந்தது. அந்த ஊர்த் தெருவில் நம்மாட்களையும் நிறத்தைச் சொல்லித்தான் சிரித்திருப்பார்கள். ரயிலிலிருந்து காந்தியை இறக்கியதும் அந்த நாட்டில்தான்.

தலைமை ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வருஷம் செப்டம்பர் 5 பேச்சுப் போட்டிக்கு 'காலியா கப்பலை ஏன் காப்பாற்ற முடியவில்லை?' என்று தலைப்பு வையுங்கள். இரண்டு நிமிஷம் போதாது, பத்து நிமிஷம் கொடுங்கள். வரலாற்று ஆசிரியர் நடுவராக இருக்கட்டும்.

மக்ரூன் கடைக்கு அப்புறம் மூன்று தடவை போனேன். அந்த மாலுமி வரவில்லை. கப்பல் போயிருக்கும். எந்த நாட்டுக்காரர் என்றுகூடக் கேட்கவில்லை. அவர் தின்ற மக்ரூனில் இருந்த முந்திரி அவர் ஊரிலிருந்தே வந்ததாகவும் இருக்கலாம், எங்க அத்தை உடைத்ததாகவும் இருக்கலாம்.

கீழே ஒரு வெள்ளைத் தாள் ஒட்டி, நூலில் பேனா கட்டியிருக்கிறேன். மறுத்து எழுதுபவர்கள் அதில் எழுதலாம். பேனாவை மட்டும் தயவுசெய்து எடுத்துட்டுப் போயிராதீங்க, போன தடவையே ரெண்டு போச்சு.

– பதினொன்றாம் வகுப்பு மாணவன்