துணை நாற்காலிக்கு எத்தனை கால்?



போன மாதம் நாகர்கோவில் வடசேரியில் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். பட்டாளத்துக்கு ஆள் எடுப்புக்காகத் தினமும் விடியக்காலம் எழுந்து ஓடிப் பழகுகிற எங்கள் தெருப் பையன் ஒருவன் வேர்வையும் மூச்சிரைப்புமாக வந்தான். கடைப் பலகையில் கிடந்த பேப்பரைப் புரட்டினான். பாதுகாப்புத் துறை இணை அமைச்சர் நாடாளுமன்றத்தில் ஏதோ பதில் சொன்னதாக ஒரு செய்தி. அதைக் காட்டிக் கேட்டான்: "அண்ணே, இந்த இணை மந்திரின்னா ஆருண்ணே? பெரிய மந்திரி இல்லாதப்போ பட்டாளம் இவரு சொன்னா கேக்குமா? அந்தச் சீட்டுல நம்ம ஆளு ஒருத்தரு இருந்தா நமக்கு என்னமாவது கிட்டுமா?"

"மந்திரியாக்கும்லே, அதுல என்ன சின்னது பெருசு" என்று சொல்லி டீக்கு காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். வீடு வந்த பிறகுதான் உறுத்தியது. பிரதிநிதித்துவம், அதிகாரத்தில் பங்கு என்று மேடை மேடையாகப் பேசுகிற நான், அவன் கேட்ட மூன்று கேள்விக்கும் பதில் தெரியாமல்தான் அப்படிச் சமாளித்தேன். இந்த இதழின் தலையங்கம் அவனுக்கு நான் கடன்பட்ட பதில்.

முதலில் அரசியல் சட்டம். 75ஆவது பிரிவைப் படியுங்கள். பிரதமரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார், பிற அமைச்சர்களைப் பிரதமரின் ஆலோசனைப்படி நியமிக்கிறார், அமைச்சர்கள் கூட்டாக மக்களவைக்குப் பொறுப்பு என்று இருக்கிறது. காபினெட் அமைச்சர், இணை அமைச்சர், துணை அமைச்சர் என்ற படிக்கட்டு அந்தப் பிரிவில் கிடையாது. எல்லோரும் எடுப்பது ஒரே உறுதிமொழி. 'காபினெட்' என்ற சொல்லே 1978இன் 44ஆவது திருத்தத்தில்தான், அதுவும் நெருக்கடி நிலை பற்றிய 352ஆவது பிரிவுக்குள் நுழைந்தது. 1952இன் அமைச்சர்கள் சம்பளச் சட்டமும், என்ன பெயரால் அழைக்கப்பட்டாலும் துணை அமைச்சர் உட்பட எல்லோரும் 'அமைச்சர்' என்றே சொல்கிறது. அந்தச் சட்டத்தில் தெரிகிற பெரிய வித்தியாசம் விருந்தினரை உபசரிக்கக் கொடுக்கும் மாதப்படி: காபினெட் அமைச்சருக்கு 2,000 ரூபாய், இணை அமைச்சருக்கு 1,000, துணை அமைச்சருக்கு 600 என்று எழுதிவைத்திருக்கிறார்கள். டீச் செலவில் கூட வருணப் படிநிலை!

அப்படியானால் நான் பையனிடம் சொன்னது சரிதானே என்று தோன்றும். சரியில்லை. படிக்கட்டு வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. 77(3)ஆவது பிரிவின்படி அரசு இரண்டு விதித்தொகுப்புகளை 1961இல் போட்டது: ஒன்று அலுவல் ஒதுக்கீட்டு விதிகள், மற்றது அலுவல் நடத்தை விதிகள். ஒரு துறையின் வேலை எல்லாம் 'பொறுப்பு அமைச்சரால்' அல்லது அவருடைய பொதுவான, தனிப்பட்ட உத்தரவுகளின்படி முடிக்கப்படும் என்கிறது நடத்தை விதி. பொறுப்பு அமைச்சர் என்றால் அந்த இலாகா யார் பெயரில் எழுதப்பட்டிருக்கிறதோ அவர். அவருடைய வேலையில் இன்னொரு அமைச்சரையோ துணை அமைச்சரையோ, குறிப்பாக ஒப்படைக்கப்படும் பணிகளுக்காகச் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறது ஒதுக்கீட்டு விதி. 'குறிப்பாக ஒப்படைக்கப்படும்' என்ற அந்த இரண்டு சொல்லில்தான் துணை நாற்காலியின் உயிர் இருக்கிறது. எழுத்தில் ஒப்படைத்தால் உண்டு. ஒப்படைக்காவிட்டால் அறை, கார், சிப்பந்தி, பெயர்ப்பலகை எல்லாம் இருக்கும், கோப்பு வராது.

இதில் தனிப்பொறுப்பு இணை அமைச்சர் வேறு ரகம். தன் துறைக்கு மேலே இன்னொரு அமைச்சர் இல்லாதவர். பாதுகாப்பு அமைச்சகத்தில் நாம் பேசிக்கொண்டிருப்பது அந்த ரகம் இல்லை. பெரிய அமைச்சருக்குக் கீழே உட்காருகிறவர்.

பெரியவர் இல்லாதபோது பட்டாளம் இவர் சொல்லைக் கேட்குமா? நடந்ததைப் பார்ப்போம். 2001 மார்ச்சில் ஜார்ஜ் பெர்னாண்டஸ் விலகியபோது பாதுகாப்பு இலாகா வெளியுறவு அமைச்சர் ஜஸ்வந்த் சிங் கைக்குப் போனது. 2017 மார்ச்சில் மனோகர் பாரிக்கர் கோவா முதல்வராகப் போனார். அமைச்சகத்தில் சுபாஷ் பாம்ரே இணை அமைச்சராக உட்கார்ந்திருந்தார். இலாகா அவருக்கு வரவில்லை. நிதி அமைச்சர் அருண் ஜேட்லியிடம் கூடுதல் பொறுப்பாகக் கொடுத்தார்கள். பக்கத்து அறைக்காரர் பக்கத்து அறையிலேயே இருந்தார். படைகளின் தலைமை 53ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவரிடம். போர், அமைதி, படைக் கொள்கை என்று முடிவெடுக்கும் பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழுவில் பிரதமர், பாதுகாப்பு, உள்துறை, நிதி, வெளியுறவு அமைச்சர்கள். இணை அமைச்சருக்கு அங்கே நாற்காலி கிடையாது.

'துணை' என்ற பட்டம் நீதிமன்றம் வரைக்கும் போனது உண்டு. 1989 டிசம்பரில் தேவிலால் 'துணைப் பிரதமர்' என்று சொல்லிப் பதவியேற்றார். பதவிப்பிரமாணம் செய்துவைத்த ஆர். வெங்கடராமன் 'அமைச்சர்' என்றே வாசித்தார். அப்படி ஒரு பதவி அரசியல் சட்டத்தில் இல்லையே என்று வழக்குப் போட்டார்கள். 1990இல் உச்ச நீதிமன்றம் பதவியேற்பைச் செல்லும் என்றது. எப்படி? அது வெறும் வருணனைப் பெயர், ஆள் மற்றவரைப் போல ஓர் அமைச்சர், பிரதமரின் அதிகாரம் எதுவும் அவருக்கு வராது என்பதால். பட்டம் அதிகாரம் தராது என்பதற்கு இதைவிடத் தெளிவான தீர்ப்பு வேண்டாம்.

துணை நாற்காலியில் இருந்தவர்கள் சும்மா இருந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நம் தமிழ்நாட்டிலிருந்தே போன என்.வி.என். சோமு, முலாயம் சிங் யாதவ் பாதுகாப்பு அமைச்சராக இருந்த காலத்தில் இணை அமைச்சர். 1997 நவம்பர் 14 அன்று அருணாசலப் பிரதேசத்தின் மலைகளில் ஹெலிகாப்டர் விழுந்து செத்துப்போனார். உயிரையே கொடுத்த மனிதர். உழைப்பு அவருடையது, ஆபத்தும் அவருடையது. ஆனால் சட்டப்படி இலாகா இன்னொருவர் பெயரில்.

இதெல்லாம் டில்லிக்காரன் பிரச்சினை, நமக்கென்ன என்று கேட்கலாம். 2017 நவம்பர் 30ஐ நம் மாவட்டம் மறக்குமா? ஓகிப் புயல். கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. தேட வேண்டியது கடற்படையும் கடலோரக் காவல்படையும். இரண்டும் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ். அப்போது நம் மாவட்ட எம்.பி. பொன். இராதாகிருஷ்ணன் மத்திய இணை அமைச்சர், நிதியிலும் கப்பலிலும். 'மத்திய மந்திரி நம்மூரு ஆளு' என்று சனங்கள் நம்பியிருந்தார்கள். ஆனால் கடற்படைக்கு உத்தரவிடுகிற இலாகா நிர்மலா சீதாராமனிடம் இருந்தது. அவர் குமரிக்கு வந்தார். தேடல் போதவில்லை என்று ஆயிரக்கணக்கான மீனவ மக்கள் டிசம்பர் 7 அன்று குழித்துறையில் ரயிலை மறித்தார்கள். "கப்பலை அனுப்பச் சொல்ல யாருக்கு அதிகாரம்?" என்பதுதான் தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்த தாய்மார்களின் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் இருப்பது எவ்வளவு பெரிய ஏமாற்று என்று அன்றைக்குப் பட்டது.

இப்போது பையனின் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். நம்ம ஆளு உட்கார்ந்தால்?

நமக்கு இவர்கள் கொடுத்திருப்பது பெரும்பாலும் துணைகளும் இணைகளும்தான். மரகதம் சந்திரசேகர் மத்தியில் துணை அமைச்சர். தலித் எழில்மலை 1998இல் சுகாதாரத்துறையில் இணை அமைச்சர், தனிப்பொறுப்பு. எல். முருகன் இணை அமைச்சர். போஸ்டர் அடிக்கிறோம், வேட்டு வெடிக்கிறோம். என்ன கோப்பு கொடுத்தார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

கேட்டவர் ஒருவர் இருக்கிறார். பாபாசாகேப் அம்பேத்கர். 1951இல் நேரு அமைச்சரவையிலிருந்து விலகியபோது அவர் அடுக்கிய காரணங்களில் இந்துச் சட்ட மசோதாவை மட்டும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். சட்ட இலாகா நிர்வாக அதிகாரம் இல்லாத இலாகா என்றும், வெளியுறவுக் குழு, பாதுகாப்புக் குழு போன்ற முக்கியமான அமைச்சரவைக் குழுக்களில் தன்னைச் சேர்க்கவில்லை என்றும் அவர் சொன்னதை விட்டுவிட்டோம். அவர் முழு காபினெட் அமைச்சர். அவருக்கே அந்தக் கதவு சாத்தியிருந்தது. பாதுகாப்பு என்பது அவருக்குப் புதிய விஷயமும் இல்லை. 1941இல் வெள்ளைக்காரன் அமைத்த பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் இருந்தவர். மகர் படைப்பிரிவு எழுப்பப்பட்டது அதே ஆண்டு.

முழு நாற்காலியில் உட்கார்ந்தவரும் உண்டு. ஜகஜீவன்ராம். 1970 முதல் 74 வரை பாதுகாப்பு அமைச்சர். 1971 வங்கதேசப் போர் அவர் பொறுப்பில் நடந்தது. 1977இல் மீண்டும் அதே இலாகா. அப்பேர்ப்பட்டவர் 1978இல் வாரணாசியில் சம்பூர்ணானந்த் சிலையைத் திறந்துவைத்துவிட்டுப் போனதும், சிலை தீட்டுப்பட்டது என்று கங்கைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். மூன்று படைக்கும் அமைச்சர், சிலைக்குத் தீட்டு! இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1943இல் எழுப்பி 1946இல் கலைத்த சமார் படைப்பிரிவு அவர் காலத்திலும் திரும்ப எழவில்லை. ஜாட், ராஜ்புத், டோக்ரா பெயர்கள் படைப்பிரிவுகளில் அப்படியே இருந்தன, இருக்கின்றன. ஆக முழு நாற்காலி கிடைத்தாலும் வெளியே கேட்கிற சனம் இல்லாவிட்டால் சாதி அசையாது. அரை நாற்காலி என்ன செய்யும்?

நாஞ்சில் மண்ணில் நிற்கிறவர்களுக்கு இது புதிதில்லை. இந்த மண்ணின் பட்டாளத்துக்கே சாதிப் பெயர்தான்: நாயர் பட்டாளம். மெட்ராஸ் ரெஜிமென்டின் 9ஆவது பட்டாலியன் தன் பிறப்பை 1704, பத்மநாபபுரம் என்று சொல்லிக்கொள்கிறது. குளச்சலில் டச்சுக்காரனை 1741இல் வென்ற தூணை இன்றும் காட்டுகிறார்கள். அந்த வெற்றிக்குச் சோறு விளைவித்த புலையனும் சாம்பவனும் அந்தக் காலத்தில் விலை பேசி விற்கப்பட்டவர்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல். இன்றைக்குப் படையில் எல்லோருக்கும் இடம் என்கிறது அரசு. போர்வீரர் தேர்வில் பட்டியல் சாதிக்கு இடஒதுக்கீடு கிடையாது. 2022 ஜூனில் அக்னிபத் வந்தது: நான்கு ஆண்டு வேலை, அதிகபட்சம் 25 விழுக்காட்டினருக்கே தொடர்ச்சி. எங்கள் தெருப் பையனின் தலையெழுத்தை மாற்றிய அந்த முடிவு எடுக்கப்பட்ட இடத்திலும் இணை அமைச்சருக்கு இருக்கை இல்லை. நாடாளுமன்றத்தில் எழுந்து பதில் வாசிக்கும்போது மட்டும் அவர் குரல் கேட்கும்.

அதற்காக அந்த நாற்காலியே வேண்டாம் என்பது என் நிலைப்பாடு இல்லை. பாதுகாப்பு அமைச்சகம் என்றால் துப்பாக்கி மட்டும் இல்லை. 5 துறைகள் இருக்கின்றன: பாதுகாப்பு, இராணுவ விவகாரம், பாதுகாப்பு உற்பத்தி, ஆராய்ச்சி வளர்ச்சி, முன்னாள் படைவீரர் நலம். இவற்றில் சிவிலியன் வேலைகள் ஏராளம். அங்கே பட்டியல் சாதிக்கு 15, பழங்குடிக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கீடு செல்லும். உடுமலைப்பேட்டை பக்கம் அமராவதிநகர் சைனிக் பள்ளி போன்ற இடங்களிலும் நம் பிள்ளைகளுக்கு ஒதுக்கீடு உண்டு. நிரப்பாத இடங்களின் கோப்பு, படைவீரர் விதவைகளின் பென்ஷன் கோப்பு, சைனிக் பள்ளிக் கோப்பு — இவை எழுத்துப்பூர்வமாக இணை அமைச்சரிடம் ஒப்படைக்கப்பட்டால் அந்த நாற்காலிக்குக் கால் முளைக்கும். ஒப்படைக்காவிட்டால் அது அலங்காரம்.

ஆகவே மாணவத் தோழர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். இனி நம் ஆள் யாராவது துணையாகவோ இணையாகவோ பதவியேற்றால் மாலை வாங்குகிற காசில் 10 ரூபாயை எடுத்து வையுங்கள். 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி அந்த அமைச்சகத்துக்கு ஒரு மனு எழுதுங்கள். அதில் கேட்க வேண்டியது மூன்று. இணை அமைச்சருக்கு வேலை ஒதுக்கிய உத்தரவின் நகல். எந்த வகைக் கோப்புகள் அவரோடு முடிகின்றன, எவை அவர் வழியாக மேலே போகின்றன. எவை அவரைத் தொடாமலே போகின்றன. 30 நாளில் பதில் வர வேண்டும். படை ரகசியம் என்று கையை விரித்தால் மேல்முறையீடு செய்யுங்கள். யார் எந்த வேலை பார்க்கிறார் என்பது எதிரி நாட்டுக்குப் போகிற ரகசியம் இல்லை. பதில் கிடைத்தால் எங்களுக்கு அனுப்புங்கள், வார்த்தை மாறாமல் அச்சிடுகிறோம்.

நேற்று அந்தப் பையனைத் திரும்பவும் பார்த்தேன். நான் அன்றைக்குச் சொன்னது தப்பு மக்கா என்று சொல்லி, இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான். கடைசியில் சொன்னான்: "அப்பம் அந்த உத்தரவுக் கடலாசத்தையாக்கும் முதல்ல கேக்கணும், இல்லியாண்ணே?"

ஆமாம். அதைத்தான் கேட்க வேண்டும். மனுவை அவனே எழுதுகிறேன் என்றிருக்கிறான்.