சிறுமொழியின் பெரும்பாடகர்

எமது பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பலர், தமிழ்ப்பாடல் ஒன்றின் முதலடியைச் சொல்லத் தடுமாறினாலும் கிம் லார்சனின் பாடல்களைத் தடையின்றிப் பாடுவர். பாடசாலையிலும் விழாக்களிலும் அவற்றைக் கேட்டே வளர்ந்தவர்கள் அவர்கள். இந்நாட்டில் பல்லாண்டு வாழ்ந்துவிட்ட எம்மில் எத்தனை பேர் அப்பாடகரை அறிவோம்?

1945 ஒக்டோபர் 23இல் கொப்பன்ஹேகனில் பிறந்த லார்சன், 1969இல் நண்பர்களுடன் இணைந்து 'கசொலின்' என்னும் ரொக் இசைக்குழுவைத் தொடங்கினார். ரொக் இசைக்கு ஆங்கிலமே பொருந்தும் என்று பலர் எண்ணியிருந்த காலம் அது. அக்குழுவினரும் முதலில் ஆங்கிலத்திலேயே பாடினர். ஆயினும் 1971இல் வெளிவந்த முதலாவது பெரிய இசைத்தட்டில் தாய்மொழிக்குத் திரும்பினர். தெருவில் வழங்கும் எளிய டெனிஷ் மொழி மேடையேறியது. பின்னர் வெளிநாட்டு இரசிகர்களுக்கென ஆங்கிலத்தில் வெளியிட்ட இசைத்தட்டுகள் எடுபடவில்லை. 1978இல் குழு கலைந்தது. லார்சன் அமெரிக்கா சென்று முயன்று பார்த்து, மீண்டும் தாயகம் திரும்பினார்.

1983இல் அவர் வெளியிட்ட 'மிட் ஓம் நாட்டன்' (நள்ளிரவில்) என்னும் இசைத்தட்டு, ஏறத்தாழ 51 இலட்சம் மக்களே வாழ்ந்த நாட்டில் ஐந்து இலட்சம் பிரதிகள் வரை விற்பனையானது. 2010இல் அரச விருதான வீரச்சிலுவையை ஏற்க மறுத்தார். 2018 செப்டெம்பர் 30இல் தமது 72ஆவது வயதில் அவர் மறைந்தபோது, அடுத்த ஞாயிறன்று பல நகரங்களில் மக்கள் வீதியில் திரண்டு அவருடைய பாடல்களைப் பாடியே விடைகொடுத்தனர். ஏட்டைப் பார்த்துப் பாட வேண்டிய தேவை பெரும்பாலோருக்கு இருக்கவில்லை.

டெனிஷ் மொழிக்கு அரசு உண்டு, பாடசாலை உண்டு, வானொலி உண்டு. அவ்வளவும் இருந்தும், அம்மொழியை மக்களின் நாவில் நிலைநிறுத்தப் பாடலும் தேவைப்பட்டது. இங்கு எமது மொழிக்கு அவற்றுள் எதுவுமில்லை. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்தோரின் பிள்ளைகளுக்குத் தாய்மொழி கற்பிக்கும் கடமையிலிருந்து நகரசபைகள் 2002இல் விடுவிக்கப்பட்டன. வார இறுதித் தமிழ் வகுப்பின் சில மணி நேரமே எஞ்சியுள்ளது. ஏனையது வீட்டின் பொறுப்பு.

ஆகவே, இன்று மாலை பிள்ளையை அழைத்து லார்சனின் பாடலொன்றைப் பாடச் சொல்லி, அதன் பொருளைக் கேட்டறிவோம். பிள்ளை ஆசிரியராகட்டும், நாம் மாணவராவோம். பின்னர், எம் அன்னையர் எம்மைத் துயிலவைத்த தாலாட்டை நாம் சொல்லிக்கொடுப்போம். எமக்குக் குரல்வளம் இல்லையே என்று தயங்க வேண்டாம். எம் அன்னையரும் பாடகிகள் அல்லர்.