வலியை எங்கே அளப்பது, எதைக் கொண்டு அளப்பது: நாள்பட்ட வலி ஆய்வுகள் குறித்து எங்கள் நிலைப்பாடு

மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி வட்டாரத்தில் வீடு வீடாகச் சென்று படுக்கையில் இருப்பவர்களைக் கவனித்து வரும் பாலியேட்டிவ் (நோய்த்தணிப்பு) தன்னார்வலர்களின் அமைப்பு நாங்கள். நாள்பட்ட வலி பற்றிய மருத்துவ ஆய்வுகளுக்கு எங்கள் பகுதி மக்களைச் சேர்த்துவிடலாமா என்ற கேள்வி பொதுக்குழுவில் எழுந்தது. சேர்க்கலாம் என்பது மட்டுமல்ல, சேர்த்தே ஆக வேண்டும் என்பதும் எங்கள் முடிவு. ஆனால் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டு போய்விடும் ஆய்வுக்கு எங்கள் ஒத்துழைப்பு கிடையாது. அவர் மறுபடி மூட்டை தூக்கினாரா, துணி துவைத்தாரா, இரவு தூங்கினாரா என்று கேட்கும் ஆய்வுக்கே வீட்டுக் கதவைத் தட்ட நாங்கள் கூட வருவோம்.

வலியைத் தணிக்கும் விஷயத்தில் கேரளம் வெறுங்கையோடு நிற்கவில்லை. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களோடு தொடங்கிய சங்கம்தான் மார்ஃபின் மாத்திரையை ஏழை வீட்டுத் திண்ணை வரை கொண்டுவந்தது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து மருத்துவமனைகளே மார்ஃபினை வாங்கி வைக்கத் தயங்கிய காலம் அது. அந்தச் சட்டம் நோயாளிகளுக்குச் சாதகமாகத் திருத்தப்பட 2014 வரை ஆயிற்று. அதற்கு முன்பே, 2008இல், கேரள அரசு பாலியேட்டிவ் கொள்கையை அறிவித்துவிட்டது. நாட்டில் அப்படி ஒரு கொள்கை வந்தது அதுவே முதல் முறை. இன்று உள்ளாட்சி அமைப்பின் நர்ஸ் பையோடு வீட்டு வாசலுக்கு வருகிறார். கேன்சர் முற்றிய ஒருவர் வலியில் கதறிக்கொண்டே கண்ணை மூட வேண்டியதில்லை என்ற நிலையை இந்த மாநிலம் பெருமளவு எட்டியிருக்கிறது.

சாகாமல் வலியோடு இருப்பவர்களுக்குத்தான் போக்கிடம் இல்லை. 2006, 2007இல் கேரளத்தைப் புரட்டிப்போட்ட சிக்குன்குனியாவில் காய்ச்சல் சில நாளில் விட்டுவிட்டது. மூட்டு வலி பலருக்கு மாதக்கணக்கிலும், சிலருக்கு ஆண்டுக்கணக்கிலும் நீடித்தது. சர்க்கரை நோயில் பாதம் இரவெல்லாம் எரிபவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். மிளகும் சுக்கும் வந்திறங்கும் பஜார் ரோட்டுப் பண்டகசாலைகளில் மூட்டை சுமந்தே நாற்பது வயதில் முதுகு போனவர்கள் இருக்கிறார்கள். அதே கிடங்குகளின் தரையில் குந்தி உட்கார்ந்து சரக்கைத் தரம் பிரித்த பெண்களுக்கு முழங்காலும் இடுப்பும் போயிருக்கின்றன. ஃபோர்ட் கொச்சியில் ‘வெளி’ என்னும் பகுதியில் உள்ள தோபி கானா என்ற சலவைக் கூடத்துக்குப் போய்ப் பார்க்கலாம். டச்சுக்காரர்கள் தங்கள் படையின் உடுப்புகளை வெளுக்க அழைத்து வந்த தமிழ் வண்ணார் குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் அங்கே கல்லில் அடித்துத் துவைக்கிறார்கள். கொடியில் கிளிப் கிடையாது. முறுக்கிய கயிற்றின் புரிகளுக்கு நடுவே துணியின் முனையைச் செருகி உலர்த்துவார்கள். கையைத் தலைக்கு மேல் தூக்காமல் அந்த வேலை நடக்காது. தோள்பட்டை பிடித்துக்கொண்டால் அன்றைய கூலி போயிற்று.

இவர்கள் எல்லோருக்கும் கிடைக்கும் வைத்தியம் ஒன்றுதான். மருந்துக் கடையில் பட்டையிலிருந்து நாலு டைக்ளோஃபெனாக் அல்லது அசெக்ளோஃபெனாக்கை வெட்டித் தருவார்கள். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உள்ளவர் இதை மாதக்கணக்கில் விழுங்கினால் சிறுநீரகம் என்னவாகும் என்பது கடைக்காரருக்கும் தெரியும்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும், அல்லது திரும்பத் திரும்ப வரும் வலியையே மருத்துவம் நாள்பட்ட வலி என்கிறது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், ஐசிடி-11, இதற்குத் தனி இடம் தந்திருக்கிறது. வேறொரு நோயின் அறிகுறியாக இல்லாமல் வலியே நோயாக இருக்கக்கூடும் என்பதையும் அது ஏற்றுக்கொண்டது. புண் ஆறிய பிறகும் வலி நிற்காமல் போவது ஏன் என்பதற்கு விடையின் ஒரு பகுதி 1983இலேயே கிடைத்தது. அடிபட்ட பிறகு தண்டுவட நரம்புகளே கூர்மையடைந்து, சாதாரணத் தொடுதலையும் வலியாக மேலே அனுப்பக்கூடும் என்று கிளிஃபர்ட் வூல்ஃப் எலிகளில் காட்டினார். ஆகவே ‘ஸ்கேனில் ஒன்றும் இல்லை, உங்களுக்கு ஒன்றும் இல்லை’ என்று ஒருவரைத் திருப்பி அனுப்புவது அறிவியல் ஆகாது. ஸ்கேனில் ஏதோ தெரிகிறது என்பதற்காக அதுவே வலிக்குக் காரணம் என்று முடிவு கட்டுவதும் ஆகாது. முதுகுவலி அறவே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது. அதன்படி இருபது வயதுக்காரர்களிலேயே 37 விழுக்காட்டினருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. எண்பது வயதில் அது 96 விழுக்காடு. எம்.ஆர்.ஐ.க்கு நகையை அடகு வைக்கும் குடும்பங்கள் இந்த ஒரு கணக்கையாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

அளவீட்டைப் பற்றி எங்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. முதுகுவலி ஆய்வுகளில் உலகெங்கும் பயன்படும் ஆஸ்வெஸ்ட்ரி கேள்வித்தாள் 1980இல் இங்கிலாந்தில் உருவானது. பத்துப் பகுதிகள் கொண்ட நல்ல கருவிதான். தூக்கத்தைப் பற்றியும் கேட்கிறது. ஆனால் உட்காருவதைப் பற்றிய பகுதியில் பிடித்த நாற்காலியில் எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது என்று கேட்கிறது. சுமை பற்றிய பகுதியில், தரையிலிருந்து முடியாவிட்டாலும் மேசைமேல் வசதியாக வைத்திருந்தால் தூக்க முடியுமா என்று கேட்கிறது. நாள் முழுக்கத் தரையில் குந்தியிருந்த பெண் எந்த நாற்காலியைச் சொல்வார்? லாரியிலிருந்து தலைக்கு மாறும் மூட்டையை யார் மேசைமேல் வைத்துத் தருவார்கள்? குந்துவது, தரையிலிருந்து எழுவது, தலைச்சுமையோடு பலகையில் ஏறுவது, தலைக்கு மேல் கை தூக்குவது, இவை எதுவும் அந்தத் தாளில் இல்லை. இங்கே வரும் ஆய்வில் இவை இருக்க வேண்டும். மலையாளத்தில் மட்டும் இருந்தாலும் போதாது. தமிழ், கொங்கணி, குஜராத்தி, கச்சி, தக்னி பேசும் வீடுகள் அடுத்தடுத்து உள்ள ஊர் இது.

எண்ணே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பத்தில் இரண்டு புள்ளியோ முப்பது விழுக்காடோ குறைந்தால் நோயாளிக்கு அது உண்மையிலேயே தெரிகிறது என்பது பல மருந்துச் சோதனைகளின் தரவுகளிலிருந்து கண்டறிந்த விஷயம். ஆனால் கூலிக்குப் போகிறவர்களிடம் கேட்டால் பலர் மூன்று என்பார்கள். அன்றைக்கு வேலைக்குப் போய்விட்டார்கள் என்பதுதான் அந்த மூன்றுக்கு அர்த்தம். வலியோடு உடல் இயக்கம், மனநிலை, பக்க விளைவு, தன் முன்னேற்றத்தை நோயாளியே மதிப்பிடுவது, எத்தனை பேர் ஏன் பாதியில் விலகினார்கள் என்பது என ஆறு அம்சங்களையும் அளக்க வேண்டும் என்று வலி ஆய்வாளர்களின் சர்வதேசக் குழு ஒன்று 2003இலேயே சொல்லிவிட்டது. அதை முழுதாகச் செய்யுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை. ஆய்வில் பெண்கள் சரிபாதிக்குக் குறையக் கூடாது. இந்தத் துறையின் முதன்மை இதழான ‘பெயின்’ 2005க்கு முந்தைய பத்தாண்டில் வெளியிட்ட விலங்கு ஆய்வுகளில் 79 விழுக்காடு ஆண் விலங்குகளை மட்டும் வைத்து நடந்தவை; அந்தப் பழைய பாக்கி இன்னும் தீரவில்லை.

சிகிச்சை விஷயத்தில் எங்கள் கருத்து இரண்டு பக்கத்தாருக்கும் உவக்காது. கேன்சர் வலிக்கு மார்ஃபின் தேவை. அதில் யாராவது கை வைத்தால் எதிர்த்து நிற்போம். ஆனால் முதுகுவலிக்கும் மூட்டுத் தேய்மானத்துக்கும் அந்த வகை மருந்துகளை ஆண்டுக்கணக்கில் தருவதற்கு ஆதாரம் இல்லை. 2018இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று முன்னாள் ராணுவத்தினர் 240 பேரை ஓராண்டு கண்காணித்தது. ஓபியாய்டு எனப்படும் இந்த மார்ஃபின் வகை மருந்துகளை எடுத்தவர்களின் உடல் இயக்கம் மற்றவர்களைவிட மேம்படவில்லை. வலி சற்றுக் கூடுதலாகவே இருந்தது. பக்க விளைவும் அதிகம். மாறாக, 2023இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில் நெடுநாள் முதுகுவலி உள்ள 492 பேர் கலந்துகொண்டார்கள். வலி எப்படி உண்டாகிறது என்று விளக்கி, பயந்து விட்டுவிட்ட அசைவுகளைப் பிசியோதெரபிஸ்டுகள் மெல்ல மெல்லத் திரும்பப் பழக்கினார்கள். ஓராண்டுக்குப் பிறகும் பலன் நீடித்தது. இதையே பயிற்சி பெற்ற பாலியேட்டிவ் நர்ஸ் வீட்டில் வைத்துச் செய்தால் பலிக்குமா? நாங்கள் முன்வைக்கும் முதல் ஆய்வுக் கேள்வி இதுதான். பணக்கார நாட்டில் கிளினிக்கில் பலித்தது இங்கே பலிக்காமலும் போகலாம். அதனால்தான் ஆய்வு வேண்டும் என்கிறோம்.

ஆயுர்வேதத்துக்கும் இதே அளவுகோல்தான். எண்ணெயும் கிழியும் இல்லாத வீடு இங்கே குறைவு, பலருக்கு அதில் நிம்மதியும் கிடைக்கிறது. ஆளுக்கு ஆள் மருந்து மாறும் வைத்தியத்தைச் சோதிக்க முடியாது என்று சிலர் சொல்வார்கள். முடியும். முடக்குவாத நோயாளிகள் 43 பேரை வைத்துக் கோவையில் நடந்து 2011இல் வெளிவந்த ஆய்வில், யாருக்கு ஆயுர்வேதம், யாருக்கு மெதோட்ரெக்சேட் என்னும் அலோபதி மருந்து என்பது நோயாளிக்கும் மதிப்பிட்ட மருத்துவருக்கும் தெரியாதபடி மறைத்தே செய்தார்கள். முடிவு சொல்ல அந்த எண்ணிக்கை போதாது, ஆனால் வழி இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது.

எங்கள் நிபந்தனைகளுக்கு இந்த ஊரின் வரலாறும் ஒரு காரணம். ‘சாப்பா’ என்னும் வேலை வில்லையை எறிந்து, முண்டியடித்துப் பொறுக்கியவருக்கு மட்டும் அன்றைய வேலை என்றிருந்த முறையை எதிர்த்து 1953இல் துறைமுகத் தொழிலாளர்கள் போராடியபோது மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்த முறை போய்விட்டாலும், உடம்புக்கு முடியவில்லை என்று வெளியே தெரிந்தால் வேலை கைவிட்டுப் போகும் என்ற பயம் போகவில்லை. எனவே ஒருவரின் வலி விவரம் முதலாளி, ஒப்பந்தக்காரர், யூனியன், காப்பீட்டு நிறுவனம் என யார் கைக்கும் போகக் கூடாது. ஒப்புதல் படிவத்தை அவரவர் மொழியில் வாசித்துக் காட்டி, யோசிக்க ஒரு நாளாவது தர வேண்டும். பரிசோதனைக்கு வந்து இழந்த கூலியை ஈடு செய்ய வேண்டும். பஸ் கட்டணம் மட்டும் தருவது ஏமாற்று வேலை. ஒப்பீட்டுக் குழுவில் இருப்பவர் ஏற்கெனவே பெற்று வரும் சிகிச்சையை நிறுத்தக் கூடாது. ஆய்வில் பலன் கண்டவருக்கு, ஆய்வு முடிந்த மறுநாளே மருந்து நின்றுபோகக் கூடாது. முடிவு சாதகமோ பாதகமோ, வெளிநாட்டு இதழில் அச்சாகும் முன்போ பின்போ, இங்கே கூட்டம் போட்டுச் சொல்ல வேண்டும்.

மருத்துவச் சோதனைகளை இந்தியப் பதிவேட்டில் பதிவது 2009 ஜூன் 15 முதல் கட்டாயம். இனி எங்களை அணுகும் ஆய்வுக் குழுக்கள் அந்தப் பதிவு எண்ணையும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் முதல் சந்திப்பிலேயே கொண்டுவர வேண்டும். இந்த அறிக்கையின் மலையாளப் பிரதியைக் கொச்சி மாநகராட்சியின் சுகாதார நிலைக்குழுவுக்கும், களமசேரி அரசு மருத்துவக் கல்லூரிக்கும், சுமைத் தொழிலாளர் நல வாரியத்துக்கும் அனுப்புகிறோம். நாள்பட்ட வலிக்கென்று வாரத்தில் ஒரு நாள் வெளிநோயாளர் பிரிவை மேற்குக் கொச்சியிலேயே நடத்த வேண்டும் என்ற தனி மனுவும் அதோடு போகிறது. அந்தப் பிரிவில் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும்.

— நிர்வாகக் குழு, மட்டாஞ்சேரி