ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது?

"உங்களுக்கு உப்பளத்துக் காற்று மண்டையில் ஏறிவிட்டது, சார்" என்றார் நண்பர்.

அவர் சென்னையில் ஒரு பத்திரிகையில் இருக்கிறவர். புதுச்சேரிக்குப் போகிற வழியில் மரக்காணத்தில் இறங்கி, என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, என் மனைவி கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே இந்தத் தீர்ப்பை வழங்கினார். நான் செய்த குற்றம் இதுதான்: நான் வாட்ஸ்அப்பில் இல்லை. பதினைந்து வருஷமாக வைத்திருந்த ஜிமெயில் விலாசத்தையும் விட்டுவிட்டேன். அவருக்கு ஒரு கதை வேண்டுமென்றால் என்னைப் பிடிக்க மூன்று நாள் ஆகிறதாம்.

"உலகம் முழுக்க ஒரு ரோட்டில் போகிறது. நீங்கள் மட்டும் வரப்பில் நடப்பேன் என்கிறீர்கள். அப்படி ஒளித்து வைக்க உங்களிடம் என்னதான் இருக்கிறது?"

அன்று நான் சிரித்துச் சமாளித்தேன். வந்த விருந்தாளியிடம் சண்டை போடுவது எங்கள் வீட்டு வழக்கமல்ல. ஆனால் அந்தக் கேள்வி திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டது, எழுந்து போக மாட்டேன் என்கிறது. ஆகவே இங்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் ஒளிப்பதற்கு ஒன்றும் பிரமாதமாக இல்லை. பதிப்பாளரிடம் வாங்கிவிட்டு இன்னும் நாவலாகாத முன்பணம், வயிற்றுப் புண்ணுக்கு வைத்தியம், அண்ணனோடு பாகத் தகராறு, இவ்வளவுதான். இதில் எதுவும் போலீஸ் வந்து விசாரிக்கிற காரியமல்ல. ஆனாலும் இவற்றை டீக்கடை வாசலில் கரும்பலகையில் எழுதிவைக்க நான் சம்மதிப்பேனா? நண்பர்தான் சம்மதிப்பாரா? நம் பாட்டிமார்களுக்கு எழுத்துக்கூடத் தெரியாது. ஆனால் கார்டில் எழுதச் சொல்ல வேண்டிய விஷயம் எது, கவரில் வைத்து ஒட்டச் சொல்ல வேண்டிய விஷயம் எது என்று தெரிந்திருந்தது. பேரன் பாஸானது கார்டில் போகும். மகள் புருஷன் வீட்டிலிருந்து கோபித்துக்கொண்டு வந்தது கவரில் போகும். கவரை ஒட்டியவளைப் பார்த்து, "உன்னிடம் ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று எந்தத் தபால்காரரும் கேட்டதில்லை.

அதோடு, என்னிடம் உள்ளதெல்லாம் என்னுடையதும் அல்ல. கதை எழுதுகிறவனுக்கு வருகிற கடிதங்களைப் பற்றி நண்பருக்குத் தெரியும். முகம் தெரியாத ஒரு பெண், தன் தாயிடம் சொல்லாததைப் பன்னிரண்டு பக்கம் எனக்கு எழுதுகிறாள். அவள் நம்பியது என்னை. நானோ அதை ஒரு கம்பெனியின் கிடங்கில் வாங்கி வைத்திருந்தேன். 2004-இல் ஜிமெயிலைத் தொடங்கிய நாளிலிருந்து, விளம்பரம் பொருத்துவதற்காகக் கடிதங்களின் உள்ளடக்கத்தை இயந்திரத்தைக் கொண்டு அலசிவந்தது கூகுள். 2017-இல்தான் அதை நிறுத்துவதாக அறிவித்தது. நிறுத்தியது நல்லதுதான். ஆனால் அத்தனை வருஷம் எனக்கு வந்த அந்தரங்கங்களை ஓர் இயந்திரம் என்னோடு சேர்ந்து படித்துக்கொண்டிருந்தது என்பதை அந்தப் பெண்களுக்கு நான் தெரிவிக்கவில்லை. எனக்கே தெரியாது.

இருந்தும், இதற்காகவெல்லாம் நான் விலகவில்லை. எழுத்தாளனுக்கு வீறாப்புச் சீக்கிரம் வரும், சோம்பல் அதைவிடச் சீக்கிரம் வரும். நான் விலகிய காரணம் வேறு. அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் தெருவில் ஓர் அம்மாள் இருக்கிறார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அக்கா என்று கூப்பிடுவேன். முப்பது வருஷமாக உப்பு வாருகிறார். கோடையில் விடியுமுன்னே பாத்திக்குப் போய், நீண்ட கழியில் பலகையைப் பொருத்திக்கொண்டு உப்பை இழுத்து வரப்போரம் குவிக்கிற வேலை. ஐப்பசியில் மழை பிடித்தால் பாத்தியெல்லாம் நல்ல தண்ணீர். வேலையும் இல்லை, கூலியும் இல்லை. தை பிறக்கிறவரை கடன்தான் சோறு போடும். மழைக்காலத்துக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று தமிழக அரசு 2022-இல் கொண்டுவந்தது. நான் சொல்வது அதற்கு முந்திய வருஷத்து மழை.

அக்காவின் மகன் செல்போனை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். ஐந்து நிமிஷத்தில் கடன் தருகிறார்களாம், ஜாமீன் வேண்டாமாம், பத்திரம் வேண்டாமாம். இங்கிலீஷில் இருக்கிறது, படித்துச் சொல்லுங்கள் என்றான். நானும் கல்லூரியில் பாதிக்கிணறு தாண்டியவன்தான். ஆனால் இந்தத் தெருவுக்கு நான்தான் படித்தவன். அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னேன். நடுவில் ஒரு கட்டம் வந்தது. உங்கள் போனிலுள்ள பெயர்களையும் படங்களையும் நாங்கள் பார்க்கலாமா என்று கேட்டது.

"இது எதுக்கு சார்?" என்றான் பையன்.

"எல்லாரும் கேட்பதுதான்" என்றேன். சொல்லும்போதே, அவன் விரலை முந்திக்கொண்டு என் விரல் அதை அழுத்திவிட்டது.

5,000 என்று பேர். கையில் வந்தது மூவாயிரத்துச் சொச்சம். ஏழு நாளில் முழுசாகக் கட்ட வேண்டும். எட்டாம் நாள் காலை அவன் போனில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரு செய்தி போயிற்று. பாத்தி மேஸ்திரிக்கு, அவன் படித்த பள்ளிக்கூட வாத்தியாருக்கு, தங்கையைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்த திண்டிவனத்துக் குடும்பத்துக்கு, எனக்கு. 'இவன் திருடன்' என்று எழுதியிருந்தது. கூடவே ஒரு படம். அந்தப் படத்தைப் பற்றி நான் விவரிக்கப் போவதில்லை. பையனின் போனில் இருந்த அக்காவின் முகத்தை எடுத்து யாரோ, எங்கேயோ உட்கார்ந்துகொண்டு, வேறொன்றோடு ஒட்டியிருந்தார்கள்.

பத்து நாள் அக்கா வாசலுக்கு வரவில்லை. திண்டிவனத்துக்காரர்கள் திரும்பவே இல்லை. பதினோராம் நாள் எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கு வந்து, என் மனைவியிடம் பேசிவிட்டு, போகிற போக்கில் என்னிடம் ஒன்று கேட்டார்: "கடன் வாங்குனவன் அவன், தம்பி. என் மூஞ்சிய யாரு குடுத்தது?"

நான் பதில் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

நண்பர் கேட்கிறாரே, ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது என்று. அக்காவிடம் ஒளிப்பதற்கு என்ன இருந்தது?

"அது ஏதோ வழிப்பறிக் கூட்டம். பெரிய கம்பெனிகளை அதனோடு சேர்க்கலாமா?" என்று வாசகர் சிலர் நினைக்கலாம். கம்பெனிகளின் மரியாதை வேறு, நடை வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திருடன் வந்த கதவு யார் வைத்த கதவு? கடன் செயலிகள் கைப்பேசியிலுள்ள பெயர்ப் பட்டியலைத் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதி போட்டது. கூகுளும், தன் கடையில் உள்ள கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் படங்களையும் எடுக்கக் கூடாது என்று 2023 மே 31 முதல் தடுத்தது. அப்படியானால் அது பூட்டக்கூடிய கதவுதான். இத்தனை பேர் மானம் போகிறவரை அதைத் திறந்து போட்டிருந்தது ஏன்? அந்தக் கதவு வழியாகத்தான் தங்கள் வீட்டு வண்டியும் போய்வந்தது, அதனால்தான். வாட்ஸ்அப்பும் நம் பெயர்ப் பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. அதில் வாட்ஸ்அப்பையே கண்டிராதவர்களின் எண்களும் போகின்றன. அவர்களை யார் கேட்டார்கள்?

2021 ஜனவரியில் அந்த ஸ்தாபனம் நமக்கெல்லாம் ஓர் ஓலை அனுப்பியது நினைவிருக்கும். தாய்க் கம்பெனியான ஃபேஸ்புக்கோடு விவரங்களைப் பகிர்ந்துகொள்வதற்கு பிப்ரவரி 8-க்குள் இணங்க வேண்டும் என்றது. கூச்சல் எழுந்ததும் மே 15-க்குத் தள்ளிப்போட்டது. ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு இந்தக் கெடுபிடி இல்லை. அங்கே சட்டத்துக்குப் பல் இருந்தது. நம் நாட்டில், 'ஏற்றுக்கொள், இல்லையேல் போ' என்ற இந்தப் போக்குக்காக, 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அந்தக் கம்பெனிக்கு அது காப்பிச் செலவு. நானும் 2021 மே மாதத்தில் சத்தம் போடாமல் 'சம்மதம்' என்று அழுத்தியவன்தான். அழுத்திப் பழகிய விரல் அது. அதே விரல்தான் ஐப்பசியில் அக்காவின் மகன் போனிலும் அழுத்திற்று.

பாத்தியில் நிற்கிற தண்ணீரிடம் யாரும் உப்பைக் கேட்பதில்லை. வெயிலில் சும்மா விட்டுவைத்தால் போதும், அடியில் தானே படியும். இன்றைக்கு ஒரு மருந்தின் பெயரைத் தேடினோம், நாளைக்கு ஒரு வக்கீலின் விலாசத்தைத் தேடினோம், ராத்திரி இரண்டு மணிக்கு யாரோடோ பேசினோம். பேசியது பூட்டிக் கிடக்கலாம். வாட்ஸ்அப்பில் 2016 முதல் செய்திக்குப் பூட்டு உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. யாரோடு, எப்போது, எத்தனை தடவை என்பது பூட்டுக்கு வெளியே கிடக்கிறது. ஒரு நாவலாசிரியனிடம் அதை மட்டும் கொடுங்கள், வசனத்தை அவனே எழுதிவிடுவான்.

விலகுவது சுலபமாக இல்லை. முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி நூற்றெண்பது எண்களைக் கையால் எழுதினேன். பிறகு காசு கொடுத்து ஓர் அஞ்சல் விலாசம் வாங்கினேன். பேச்சுக்கு சிக்னல் என்றேன். எழுத்தாள நண்பர்களில் மூன்று பேர் வந்தார்கள், மற்றவர்கள் வாழ்த்தினார்கள். வாசகர் குழு ஒன்று என்னை இறந்தவர் கணக்கில் சேர்த்துவிட்டது. இதெல்லாம் வேடிக்கை. வேடிக்கையல்லாத ஒன்றும் உண்டு. என் தாய்மாமா காலமான செய்தி குடும்பக் குழுவில் போயிற்று. எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று யாரும் எனக்கு போன் செய்யவில்லை. மறுநாள் நான் போனபோது சாம்பல்தான் இருந்தது. அத்தை என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தரங்கம், சுதந்திரம் என்று அந்த இடத்தில் நான் எதைச் சொல்ல?

ஆகவே எல்லாரும் என்னைப்போல் விலகிவிட வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் விலகுகிறவர்கள் எதற்காக விலகுகிறோம் என்றாவது தெரிந்துகொண்டு விலகட்டும்.

2025 செப்டம்பரில் ஓர் அலை அடித்தது. அந்நியக் கம்பெனி வேண்டாம், நம் ஊர் 'அரட்டை'க்கு வாருங்கள் என்று எனக்கே எட்டுப் பேர் சொன்னார்கள். மூன்றே நாளில் தினசரிச் சேர்க்கை 3,000-லிருந்து 3,50,000 ஆனதாக ஸோஹோவின் ஸ்ரீதர் வேம்பு அறிவித்தார். மத்திய மந்திரிகள் தங்கள் அஞ்சலை ஸோஹோவுக்கு மாற்றிக்கொண்டார்கள். தென்காசிப் பக்கத்துக் கிராமத்தில் இருந்துகொண்டு ஒருவர் இத்தனை பெரிய காரியம் செய்கிறார் என்பதில் எனக்கும் பெருமைதான். ஆனால் அந்த நாட்களில் அரட்டையில் எழுதுகிற செய்திக்கு, அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர வேறு யாரும் திறக்க முடியாத அந்தப் பூட்டு இல்லை. பேச்சுக்கு இருந்தது, எழுத்துக்கு அப்புறம்தான் கொண்டுவந்தார்கள். அது வருமுன்னே ஓடிப்போய்ச் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பூட்டைப் பற்றிக் கேட்டார்கள்? கொடியின் நிறத்தைக் கேட்டார்கள்.

உப்பளத்துக்காரனுக்கு இந்தக் கதை புதிதல்ல. 1805-இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்து உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. 1930 ஏப்ரல் 13-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடக்கத் தொடங்கினார். 1947-இல் உப்பு வரி ஒழிந்தது. அந்த நடை வீண் என்று சொல்கிறவன் மூடன். ஆனால் இன்றைக்கும் அக்காவின் பாதம் உப்பில் வெடித்துத்தான் கிடக்கிறது. வெள்ளைக்காரன் போனானா என்று மட்டும் கேட்டோம். பாத்தியில் நிற்கிறவளுக்கு என்ன கிடைத்தது என்று கேட்க மறந்தோம்.

இப்போதும் கேட்க வேண்டியது, 'இது யாருடைய கம்பெனி?' என்பதல்ல. 'நாளைக்கு ஒரு போலீஸ் அதிகாரியோ, ஒரு மந்திரியோ, ஒரு வியாபாரியோ வந்து கேட்டால், என்னைப் பற்றி எடுத்துக் கொடுக்க உன்னிடம் என்ன இருக்கும்?' என்பதுதான். 2016-இல் அமெரிக்காவில் சிக்னலிடம் சட்டப்படி விவரம் கேட்டார்கள். கணக்குத் தொடங்கிய நாள், கடைசியாக இணைந்த நாள், இந்த இரண்டைத்தான் அவர்களால் கொடுக்க முடிந்தது. வேறு எதையும் அவர்கள் சேர்த்து வைக்கவில்லை. சுவிட்சர்லாந்தின் புரோட்டான் அஞ்சலும் பெயர் பெற்றதுதான். ஆனால் 2021-இல் அந்நாட்டுச் சட்டம் உத்தரவிட்டபோது, ஒரு பிரெஞ்சுப் போராளியின் இணைய முகவரியைப் பதிவு செய்து கொடுக்க வேண்டியிருந்தது. கொடுப்பவனின் குணத்தை நம்பிப் பயனில்லை. அவன் கையில் இருப்பு இருக்கக் கூடாது.

அரசாங்கம் காப்பாற்றும் என்பாரும் உண்டு. அந்தரங்கம் அடிப்படை உரிமையே அல்ல என்று கோர்ட்டில் வாதாடியதே நம் மத்திய அரசுதான். நீதிபதி புட்டசாமி என்ற முதியவர் விடாமல் நின்ற வழக்கில், 2017 ஆகஸ்ட் 24-இல் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அது உரிமைதான் என்றார்கள். அதற்குப் பின் ஆறு வருஷம் கழித்து, 2023-இல், தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் 17-ஆம் பிரிவு, தன் அமைப்புகளுக்கு விலக்குக் கொடுத்துக்கொள்ள மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முக்கியமான பிரிவுகளுக்கு அதற்குமேல் பதினெட்டு மாத அவகாசம். ஊருக்கெல்லாம் வேலி போட்டுவிட்டுத் தன் மாட்டுக்கு மட்டும் திட்டிவாசல் வைத்துக்கொள்கிற பண்ணையாரை நான் பல கதைகளில் எழுதியிருக்கிறேன்.

நண்பர் விடைபெறும்போது, "சரி, அவசரமென்றால் எப்படித்தான் உங்களைப் பிடிப்பது?" என்று கேட்டார்.

"என் மனைவியின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள்" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிக்கட்டும். பையனின் வீட்டுப்பாடம் அதில்தான் வருகிறது, காஸ் சிலிண்டர் அதில்தான் வருகிறது. என் மனைவியை விலகச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. வீட்டில் தண்ணீர் பிடிப்பது முதல் கரண்டு பில் வரை பார்ப்பது அவள்தான், கொள்கை பேசுவது மட்டும் நான்.

அவர் கேட்ட கதை முடிந்துவிட்டது. நேற்றுத் தபாலில் சேர்த்தேன். கவரை நன்றாக ஒட்டியிருக்கிறேன்.