நூறு ஆண்டுக்குப் பின்னும் பாட வேண்டும்



பாட்டு, திரைப்படம், கணினி விளையாட்டு ஆகிய மூன்றையும் சேமித்து வைக்க மிகச் சிறந்த சாதனம் ஒன்றை நீங்களே வடிவமைக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். அது எப்படி இருக்க வேண்டும்? நகத்தளவு இருக்க வேண்டும், ஆயிரம் படங்கள் அதில் அடங்க வேண்டும், கீழே விழுந்தாலும் உடையக் கூடாது என்று உங்களில் பலர் சொல்வீர்கள். இவை நல்ல குணங்களே. ஆனால் இவற்றுக்கும் முந்திய குணம் ஒன்று உண்டு என்பது என் கருத்து. நூறு ஆண்டுகளுக்குப் பின் அதைக் கண்டெடுக்கும் ஒருவரால், நம்மைக் கேட்டறிய வழியில்லாத போதும், அதைப் படிக்க முடிய வேண்டும்.

1860-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் எடுவார் லியோன் ஸ்காட் என்பவர், புகைக்கரி படிந்த தாளில் மனிதக் குரலின் அதிர்வுகளைக் கோடாக வரையச் செய்தார். அதைத் திரும்ப ஒலிக்கச் செய்யும் கருவி அவரிடம் இல்லை. அது அவருடைய நோக்கமும் அல்ல. ஆயினும் 2008-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அந்தத் தாளின் படத்தைக் கணினியில் இட்டு, 148 ஆண்டுகளுக்கு முன் பாடிய பாட்டைக் கேட்டார்கள். இது எப்படி முடிந்தது? குரல் அதிர்ந்த விதத்திலேயே கோடும் வளைந்திருந்தது. பக்கத்திலேயே ஓர் இசைக்கவையின் அதிர்வும் வரையப்பட்டிருந்ததால் வேகத்தைக் கணக்கிடவும் வழி கிடைத்தது.

இப்போது 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டைப் பாருங்கள். அதில் ஒலி விநாடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 16 பிட் கொண்ட எண். இடது, வலது என இரண்டு வழிகள். பெருக்கிப் பாருங்கள்: விநாடிக்கு 14,11,200 பிட்கள்! இவை 1.6 மைக்ரான் இடைவெளியுள்ள சுருள் தடத்தில் நுண்ணிய குழிகளாகப் பதிகின்றன. 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் ஒளி அவற்றைப் படிக்கிறது. அலைநீளம் குறைந்தால் ஒளிப்புள்ளியும் சிறிதாகும் என்பதை நீங்கள் ஒளியியலில் படிப்பீர்கள். ப்ளூ-ரே தட்டில் 405 நானோமீட்டர் ஒளியும் திறன்மிக்க வில்லையும் பயன்படுகின்றன. ஆகவே அதே 12 செ.மீ. தட்டின் ஓர் அடுக்கில் 25 கிகாபைட் அடங்குகிறது.

இது பெரும் சாதனைதான். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. குறுந்தகட்டில் உள்ள குழி, ஒலி அலையின் உருவம் அல்ல. கீறல் விழுந்தாலும் பாட்டு கெடாதிருக்க, எண்களை வரிசை மாற்றிக் கலைத்து, சரிபார்க்கும் எண்களையும் சேர்த்து, பிறகு வேறொரு குறியீட்டில் எழுதுகிறார்கள். அந்த விதிகளை அறியாதவர் உருப்பெருக்கியில் பார்த்தால் வெறும் குழிகளையே காண்பார்.

இது கற்பனை அச்சம் அல்ல. இங்கிலாந்தில் 1086-ஆம் ஆண்டின் நிலக் கணக்கான டூம்ஸ்டே ஏட்டின் 900-ஆம் ஆண்டை ஒட்டி, 1986-இல் பி.பி.சி. நிறுவனம் நாட்டைப் பற்றிய செய்திகளையும் படங்களையும் லேசர் தட்டுகளில் பதிந்தது. பதினாறு ஆண்டுகளுக்குள் அந்தத் தட்டுகளைப் படிக்கும் கருவிகள் அரிதாகிவிட்டன. பழைய கணினியைப் போலவே இயங்கும் மென்பொருளைப் புதிய கணினியில் எழுதித்தான் ஆய்வாளர்கள் அவற்றை மீட்டார்கள். 900 ஆண்டு ஏட்டையோ இன்றும் திறந்து படிக்கலாம்!

விளையாட்டுக்கு இது இன்னும் பொருந்தும். விளையாட்டு, தன் கருவியின்றி இயங்காது. ஆகவே கருவி எப்படி நடந்துகொள்ளும் என்ற விவரமும் சேமிக்கப்பட வேண்டும். 2023 மார்ச்சில் நிண்டெண்டோ நிறுவனம் வீ யூ, 3டிஎஸ் ஆகிய கருவிகளுக்கான இணையக் கடையை மூடியது. அந்தக் கடையில் மட்டுமே கிடைத்த விளையாட்டுகளைப் புதிதாக வாங்க இப்போது வழியில்லை.

சரி, சாதனம் எவ்வளவு காலம் தாங்கும்? நினைவகச் சில்லில் செய்தி, சிறைப்பட்ட எலக்ட்ரான்களாக இருக்கிறது. மின்சாரமின்றிப் பல ஆண்டுகள் கிடந்தால் அவை கசியும். எந்தப் பொருளும் என்றைக்கும் நிலைக்காது. பிரதி எடுப்பதே காக்கும் வழி. ஓலைச்சுவடி சில நூறு ஆண்டுகளே தாங்கும். ஆயினும் சங்கப் பாடல்கள் நம் கைக்கு வந்து சேர்ந்தன. ஓலை பழுதாகுமுன் எழுத்தறிந்த ஒருவர் அதைப் படித்துப் புதிய ஓலையில் எழுதினார். 1931-இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' படத்துக்கு அந்த நற்பேறு கிட்டவில்லை. அதன் பிரதி ஒன்றும் இன்று நம்மிடம் இல்லை.

விதிகளை வெளியிட்டால் திருட்டுப் பிரதிகள் பெருகும், உழைத்தவருக்குக் கூலி கிடைக்காது என்று சிலர் மறுப்பார்கள். கவலை நியாயமானதே. ஆனால் பூட்டுவது வேறு, சாவியைக் கடலில் எறிவது வேறு. விற்பனை நடக்கும்வரை பூட்டு இருக்கட்டும். சாவியின் நகல் ஒன்றை முதல் நாளே பொது ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்கச் சட்டம் செய்யலாமே!

இதற்கு வழிகாட்டி ஏற்கெனவே விண்வெளியில் போய்க்கொண்டிருக்கிறது. 1977-இல் புறப்பட்ட இரண்டு வாயேஜர் கலங்களிலும் தங்க முலாம் பூசிய செப்பு இசைத்தட்டு இருக்கிறது. ஊசியும் உடன் வைக்கப்பட்டுள்ளது. இயக்கும் முறை உறையின் மேல் படமாகப் பொறிக்கப்பட்டுள்ளது. 'விநாடி' என்றால் வேற்றுலகத்தாருக்குப் புரியாது அல்லவா? ஆகவே தட்டு சுழல வேண்டிய வேகத்தை, ஹைட்ரஜன் அணுவில் நிகழும் ஒரு மாற்றத்தின் கால அளவைக் கொண்டு குறித்திருக்கிறார்கள்.

அறிமுகமே இல்லாதவருக்கு இவ்வளவு செய்த நாம், நம் பேரப்பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டாமா? உங்களில் சிலர் நாளை புதிய சேமிப்பு முறைகளை உருவாக்குவீர்கள். அதில் எத்தனை கிகாபைட் அடங்கும் என்று கணக்கிடும் முன், அதைப் படிக்கும் முறையை எளிய சொற்களில் எழுதி அதனுடனே சேர்த்து வையுங்கள். இன்றே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பாட்டியின் குரலையோ தம்பியின் மழலையையோ பதிந்து வைத்திருக்கிறீர்களா? அந்தக் கோப்பு எந்த வகை, வேறொரு கருவியில் அது திறக்கிறதா என்று பாருங்கள். திறக்காவிட்டால், எல்லாக் கருவிகளிலும் திறக்கும் வகைக்கு மாற்றி, இரண்டு இடங்களில் பிரதி வையுங்கள்.